பெரிய ஃபில்டர் என்னும் மூடநம்பிக்கை

“ஃபில்டர் பெருசா போட்டுட்டீங்கன்னா கவலையே இல்ல சார்.” சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் கடல்மீன் வளர்க்கும் ஆசையோடு ஏறி இறங்குகிறவர் காதில் இந்த வாக்கியம் விழாமல் போகாது. அவருடைய ஆசை சின்னது. இரண்டடி நீளத்தில் ஒரு தொட்டி, அதில் ஒரு ஜோடி கோமாளி மீன். அதற்காக அவர் தலையில் கட்டப்படுவதோ அதைப் போல ஐந்து மடங்கு தொட்டிக்குப் போதுமான ஒரு கேனிஸ்டர் ஃபில்டர், அதற்குள் நிரப்ப மீடியா என்ற பெயரில் செராமிக் வளையங்கள், பயோபால் என்னும் பிளாஸ்டிக் பந்துகள், கூடவே ஒரு பாட்டில் பாக்டீரியா. அன்றைக்கே மீனும் பையில் ஏறிவிடுகிறது. இரண்டாவது வாரம் மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பிறகு செத்துப்போகிறது. திரும்பவும் கடைக்கு வந்து காரணம் கேட்டால், “ஃபில்டர் பத்தல சார்” என்ற பதில் காத்திருக்கிறது.

அந்தப் பதில் தவறு. தவறு என்று மட்டும் சொல்லி விடக்கூடியதும் இல்லை. உயிரைக் கொல்லும் தவறு. உயிரியல் வடிகட்டல் என்பது கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருள், மீடியா கூடக் கூட அதன் பலம் கூடும், பலம் கூடினால் மீனும் கூடுதலாக விடலாம் என்ற நம்பிக்கை இந்தப் பொழுதுபோக்கு முழுவதிலும் வேரோடிக் கிடக்கிறது. கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது. வருடக்கணக்கில் வளர்க்கிறவர்களும் புதியவர்களுக்கு இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிறிய கடல்நீர்த் தொட்டியில் வடிகட்டலின் பலத்தைத் தீர்மானிப்பவை இரண்டே விஷயங்கள்: தண்ணீருக்குள் எவ்வளவு தீனி விழுகிறது, முதல் மீனை விடுவதற்கு முன் எவ்வளவு காலம் பொறுத்திருந்தோம். எந்த டப்பாவுக்குள் அது நடக்கிறது என்பது மூன்றாம்பட்சமான கேள்வி.

நடப்பதைப் பார்ப்போம். மீன் தின்ற புரதத்தில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. மிச்சமான தீனியும் கழிவும் அழுகி அதையே தருகின்றன. தண்ணீரிலும் பரப்புகளிலும் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றை 1890 வாக்கில் சூரிச் நகரில் தனியாகப் பிரித்து எடுத்து வளர்த்துக் காட்டியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து எரிப்பதில் கிடைக்கும் அற்ப ஆற்றலில்தான் இவை உயிர் வாழ்கின்றன. அதனால் இவற்றின் பெருக்கம் மிக மெதுவானது. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா சாதகமான நிலையில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாள் முழுவதும்கூட ஆகலாம். கடல்நீர்த் தொட்டி ஒன்று வெறுமையிலிருந்து தொடங்கி முழுமையாகப் பழுக்க நான்கு முதல் ஆறு வாரம் பிடிப்பது இதனால்தான். இந்த வேகத்தை எந்தக் கேனிஸ்டரும் கூட்டியதில்லை.

கடல்நீரில் இந்தக் காத்திருப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மீனுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியம். மற்றது செவுளைத் துளைத்து உள்ளே போகும் நச்சு வடிவம். பி.எச். 7 உள்ள நன்னீரில், 25 டிகிரி வெப்பத்தில், நச்சு வடிவம் மொத்தத்தில் ஏறக்குறைய அரை சதவீதம்தான். பி.எச். 8.2 உள்ள கடல்நீரில் அது ஏழு சதவீதத்தைத் தொடுகிறது. அதாவது கப்பி மீன் தாங்கிக்கொண்ட அதே அம்மோனியா அளவு கோமாளி மீனுக்குப் பத்து மடங்குக்கும் மேல் விஷம். நன்னீர்த் தொட்டியில் கைவந்தவர்கள் கடல்நீருக்கு மாறும்போது அடிபடுவது இந்த இடத்தில். நைட்ரைட் கதை வேறு. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு அதன் நஞ்சைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. கடல்மீனைக் கொல்வது பெரும்பாலும் முதல் படியான அம்மோனியாதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். மீடியா விற்பவர்கள் பரப்பளவைச் சொல்லித்தான் மயக்குகிறார்கள். ஆகவே பரப்பளவை வைத்தே பேசலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 54 லிட்டர் கொள்ளும். பாறையும் மணலும் போக உண்மையான தண்ணீர் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சிறிய கோமாளி மீன்களுக்கு நாளைக்கு 0.2 கிராம் உலர்தீனி போதும். அதில் 45 சதவீதம் புரதம் என்றால் 90 மில்லிகிராம். புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக 14 மில்லிகிராம் சொச்சம். இதில் ஒரு பகுதி மீனின் உடம்பில் தங்கும். அதையும் விட்டுவிட்டு, மொத்தமும் தண்ணீருக்கே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு மாற்ற வேண்டிய சுமை இந்தப் 14 மில்லிகிராம்தான்.

மீன்பண்ணைகளின் உயிரியல் வடிகட்டிகளில் ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்குப் பத்தில் ஒரு கிராம் முதல் அரை கிராம் வரை அம்மோனியா நைட்ரஜனை மாற்றுவது சாதாரணம். வீட்டுத் தொட்டியில் அம்மோனியாவின் செறிவு மிகக் குறைவு. அதனால் வேகமும் குறையும். அந்தக் கீழெல்லையிலும் பாதி என்று எடுத்துக்கொண்டால்கூட நம் தொட்டிக்குத் தேவைப்படுவது ஒரு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இந்தப் பரப்பு எங்கே கிடைக்கும்? ஒரு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பவளமணல் ஒரு கிலோவை எடுங்கள். ஒவ்வொரு மணியும் வழவழப்பான உருண்டை என்றே வைத்துக் கணக்கிட்டாலும் அதன் மொத்தப் பரப்பு இரண்டு சதுர மீட்டரைத் தாண்டுகிறது. தொட்டியின் அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பரப்ப ஐந்து கிலோவுக்கு மேலேயே ஆகும். மேல்பகுதி மணலுக்குத்தான் தண்ணீர் நன்றாக ஓடும் என்று நான்கில் மூன்று பங்கைத் தள்ளிவிட்டாலும் தேவையைப் போல ஏழெட்டு மடங்கு மிச்சம் இருக்கிறது. பாறைகளை, கண்ணாடிச் சுவரை, குழாயின் உட்புறத்தை இன்னும் எண்ணவே இல்லை.

அப்படியானால் அந்தப் பெரிய கேனிஸ்டருக்குள் இருக்கும் மீடியா என்ன செய்கிறது? ஒன்றும் செய்யவில்லை. பத்துப் பேருக்குச் சோறு வடித்துவிட்டுப் பந்தியில் நூறு இலை போட்டால் நூறு பேர் சாப்பிட்டுவிட முடியாது. பாக்டீரியாவின் எண்ணிக்கை கிடைக்கும் அம்மோனியாவுக்குத் தக்க அளவில் நின்றுவிடும். மீடியாவைக் கூட்டினால் அதே கூட்டம் கூடுதல் இடத்தில் சிதறி உட்காரும். இரண்டு மீன் இருக்கும் தொட்டியின் ஃபில்டர், எவ்வளவு பெரியதானாலும், இரண்டு மீனின் சுமைக்குத்தான் பழகியிருக்கும். “பெரிய ஃபில்டர் இருக்கிறதே” என்று ஒரே நாளில் இன்னும் நான்கு மீனைக் கொண்டுவந்து விட்டால், கூடுதல் அம்மோனியாவை மாற்ற அங்கே ஆள் இருக்காது. புதிய கூட்டம் பெருகி வருவதற்குள் மீனுக்கு எது நடக்க வேண்டுமோ அது நடந்துவிடும்.

விளம்பரங்களில் வரும் சதுர மீட்டர் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் மீடியாவில் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் என்று அட்டைப்பெட்டியில் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் உட்பரப்பையும் சேர்த்தால்தான் அந்த எண் வரும். பாக்டீரியாவின் அளவோ ஒரு மைக்ரான் அளவில் இருக்கிறது. அதைவிடச் சிறிய துளைக்குள் அது நுழையாது. நுழையக்கூடிய துளையின் வாயையும் சில வாரங்களில் பாக்டீரியாப் படலமே மூடிவிடும். அந்தப் படலத்துக்குள் ஆக்சிஜன் இறங்குவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே வேலை நடப்பது தண்ணீர் தொட்டுச் செல்லும் வெளிப்பரப்பில்தான். உள்ளே இருப்பதற்குக் கொடுத்த விலை வீண்.

வீண் செலவு என்பதோடு நின்றிருந்தால் இவ்வளவு கோபம் வேண்டியதில்லை. நம் ஊர்ச் சூழலில் மூடிய கேனிஸ்டர் ஆபத்தானது. அம்மோனியாவின் ஒரு கிராம் நைட்ரஜனை நைட்ரேட் வரை கொண்டுபோக நாலரை கிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் செலவாகிறது. கடல்நீரில் ஆக்சிஜன் கரைவதோ நன்னீரைவிடக் குறைவு. சித்திரை வெயிலில் தண்ணீர் 31, 32 டிகிரி ஏறும்போது லிட்டருக்கு 6 மில்லிகிராம்தான் நிற்கும். மின்சாரம் போகிறது. கேனிஸ்டருக்குள் நான்கைந்து லிட்டர் தண்ணீர் அசையாமல் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தத் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் மொத்தமே முப்பது மில்லிகிராமுக்குள். நைட்ரைட், நைட்ரேட் செய்யும் பாக்டீரியாவோடு, அங்கே சேர்ந்திருக்கும் கசடை அழுகவைக்கும் பாக்டீரியாவும் மூச்சுவிட வேண்டும். இருப்பு சிறிது நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மின்வெட்டு நீண்டால் உள்ளே அழுகல் தொடங்குகிறது. கரண்ட் வந்ததும் பம்பு அந்தக் கெட்ட நீர் முழுவதையும் ஒரே மூச்சில் மீன் இருக்கும் தொட்டிக்குள் தள்ளுகிறது.

தொட்டிக்குள்ளேயே இருக்கும் பாறைக்கும் மணலுக்கும் இந்தக் கதி வராது. பம்பு நின்றாலும் அவை 40 லிட்டர் தண்ணீரோடும், திறந்த மேற்பரப்பு வழியாகக் காற்றோடும் தொடர்பில் இருக்கின்றன. பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஏர் பம்பு இருந்துவிட்டால் மீனும் பாக்டீரியாவும் இரவைக் கடந்துவிடும். ஃபில்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு இந்த ஏர் பம்புக்குப் போனால் பிழைக்கும் மீன்கள் எத்தனையோ. ஆனால் அதை யாரும் முதலில் பரிந்துரைப்பதில்லை.

பயோபாலுக்கு எதிரான இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதிய தொடர் வழியாக, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மீடியாவின் மேல் விழவைக்கும் ஐரோப்பிய முறை அங்கே பரவியது. சில ஆண்டுகளில் அலை திரும்பியது. பயோபால் ஒரு “நைட்ரேட் தொழிற்சாலை” என்று பெயர் எடுத்தது. இந்தப் பெயரும் அதே மூடநம்பிக்கையின் மறுபக்கம்தான்: நல்லதும் கெட்டதும் பொருளுக்குள் இருப்பதாக நினைப்பது. நைட்ரேட் எந்தப் பந்திலிருந்தும் பிறப்பதில்லை, தீனியிலிருந்து பிறக்கிறது. நாம் கணக்கிட்ட 14 மில்லிகிராம் நைட்ரஜன் எந்த மீடியாவில் மாறினாலும் 64 மில்லிகிராம் நைட்ரேட்டாகத்தான் முடியும். நாளுக்கு லிட்டருக்கு 1.6 மில்லிகிராம், வாரத்துக்கு 11. பாறையின் ஆழத்தில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், வேறு பாக்டீரியாக்கள் இந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். அது பாறையின் உண்மையான மேன்மை. பிளாஸ்டிக் பந்தில் அந்த ஆழம் கிடையாது. ஆனால் 40 லிட்டர் தொட்டியில் அதை நம்பி உட்கார வேண்டியதே இல்லை. வாரம் பத்து லிட்டர் தண்ணீரை மாற்றினால், பாறை ஒரு துளி நைட்ரேட்டைக்கூட எடுக்கவில்லை என்றாலும், அளவு 45-ஐத் தாண்டாமல் நின்றுவிடும். பவளம் வளர்க்க அது அதிகம். கோமாளி மீன் அதைத் தாங்கும்.

பத்து லிட்டர் தண்ணீரை மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாகிறது. அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே இருக்கிறது, ஒரு கிராம் நைட்ரஜனுக்குச் சுண்ணாம்புக் கணக்கில் ஏழு கிராம் வீதம். தண்ணீரே மாற்றாத நம் சிறு தொட்டியில் ஒரு மாதத்தில் இயற்கைக் கடல்நீரின் காரத்தன்மையில் மூன்றில் இரண்டு பங்கு இப்படிக் கரைந்துபோகும். பாறையின் ஆழத்தில் நடக்கும் எதிர்வினை ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தாலும் முழுவதையும் கொடுக்காது. பி.எச். இறங்கும், பாக்டீரியாவும் சோர்ந்துபோகும். ஃபில்டர் நன்றாக வேலை செய்யச் செய்ய இந்த இழப்பும் நடந்துகொண்டுதான் இருக்கும். வாளியும் குழாயும் எடுத்து உப்புநீர் கரைக்கச் சோம்பல்படுகிறவருக்கு உலகத்தின் மிகச் சிறந்த மீடியாவும் உதவாது.

பாட்டில் பாக்டீரியாவைப் பற்றி எனக்கு முழு வெறுப்பு இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தால் அது காத்திருப்பைக் குறைக்கும். சிக்கல் அந்த “உயிரோடு” என்பதில்தான். 1998-இல் திமோத்தி ஹோவனெக்கும் அவருடைய கூட்டாளிகளும், மீன்தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த நைட்ரோபேக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா வகையைச் சேர்ந்தவை என்று நன்னீர்த் தொட்டிகளில் காட்டினார்கள். 2005-இல் சியாட்டில் நகரக் கடல்காட்சியகத்தின் வெப்பமண்டலத் தொட்டியிலிருந்து நைட்ரோசோபுமிலஸ் மாரிடிமஸ் என்ற நுண்ணுயிர் பிரித்தெடுக்கப்பட்டது; அது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்னும் வேறொரு பெரும்பிரிவு. அதுவும் அம்மோனியாவைத் தின்று வாழ்கிறது. தொட்டிக்குள் வாழ்வது எது என்பதே நூறாண்டுக்கும் மேல் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. இந்த நிலையில், பாட்டிலில் இருப்பது எது, அது உயிரோடு இருக்கிறதா என்று கேட்காமல் ஊற்றுவது எப்படி அறிவியல் ஆகும்?

நைட்ரேட் செய்யும் பாக்டீரியாக்கள் வித்து உறை பூண்டு தூங்கத் தெரியாதவை. கூரியர் வண்டியின் சூட்டிலும் கடை அலமாரியிலும் மாதக்கணக்கில் கிடந்தால் அவை சாகும். வித்துறை பூண்டு எதையும் தாங்குவது பேசில்லஸ் இனம். அது கசடை அழுகவைக்கும், அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் வேலையை ஏற்காது. பாட்டில் உண்மையா பொய்யா என்று அறிய ஒரே வழி, மீன் இல்லாத தொட்டியில் அதை ஊற்றி, அம்மோனியா சேர்த்து, அளவு இறங்குகிறதா என்று சோதனைக் குப்பியில் பார்ப்பது. மீனை வைத்துச் சோதிக்கக் கூடாது.

இனி எதிர்முகாம். ஃபில்டர் எதுவும் வேண்டாம், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை இல்லாமல் கடல்நீர்த் தொட்டியே இல்லை என்பவர்கள். இவர்களுடைய மரபு மதிப்புக்குரியது. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961-இல், பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்துக் கடல் உயிர்களை வளர்க்கும் தன் இயற்கை முறையை எழுதினார். பிறகு டீட்ரிஷ் ஸ்டூபர் முதலானோரின் கைகளில் அது பெர்லின் முறையாக வளர்ந்தது. பாறையின் நுண்துளைகளில் வாழும் உயிர்க்கூட்டமே வடிகட்டி என்ற அவர்களின் கண்டுபிடிப்பைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நம் கடற்கரையில் அந்தக் கண்டுபிடிப்பு ஒரு குற்றமாக மாறிவிடுகிறது. “தெரிஞ்ச ஆள் மூலமா ராமேஸ்வரம் பக்கத்துலேர்ந்து லைவ் ராக் வரும்” என்று காதோடு காதாகச் சொல்லப்படும் பேரம் அது.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று கடலுக்கு மேலே இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று ஆண்டாண்டு காலமாகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் போய், தீவுகளே மூழ்கின. 1986-இல் அங்கே தேசியக் கடல்வாழ் உயிரினப் பூங்கா வந்தது. 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த இடமும் அதுதான். இப்படி அடிமேல் அடி வாங்கிய ஒரு பாறைத்திட்டிலிருந்து, வரவேற்பறைத் தொட்டிக்காக ஒரு துண்டைப் பெயர்த்து எடுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. வடிகட்டலுக்கு அது தேவையும் இல்லை. காய்ந்த, துளைகள் நிறைந்த, செயற்கையாகச் செய்த பாறையை வைத்துப் பொறுத்திருந்தால் அதே பாக்டீரியா அதிலும் குடியேறும். கடல்பாறையோடு வரும் சிற்றுயிர்களின் பன்மையை அது தராது என்பது உண்மை. அந்தப் பன்மை கடலிலேயே இருக்கட்டும்.

சரி, ஒருவர் எதைத்தான் தேர்ந்தெடுப்பது? நான்கைந்து கிலோ துளைப்பாறை. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பவளமணல். அதற்கு மேல் ஆழம் வேண்டாம். தண்ணீரைச் சுழற்ற ஒரு சின்ன பம்பு, மேற்பரப்பு எப்போதும் அலைந்துகொண்டிருக்கும்படி. கசடைப் பிடிக்க ஸ்பாஞ்ச் வைத்த ஒரு ஹேங் ஆன் ஃபில்டர் இருந்தால் நல்லது. அந்த ஸ்பாஞ்சை வாரந்தோறும், மாற்றி எடுத்த பழைய உப்புநீரில் அலசிப் பிழிய வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரினும் உப்பின்மையும் சேர்ந்து அதில் குடியிருப்பவற்றைக் கொன்றுவிடும். இதைவிட எளிமையாக வேண்டுமென்றால் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றே போதும். விலை மலிவு என்பதால் அதைக் கேவலமாகப் பார்க்கிறார்கள். கடல்மீன் குஞ்சு வளர்க்கும் தொட்டிகளில் நம்பிக்கையோடு ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

பிறகு மீன் இல்லாமல் அம்மோனியா ஊட்ட வேண்டும். அம்மோனியம் குளோரைடு, அதாவது பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் பயன்படுத்தும் நவச்சாரமேதான், ஆனால் ஆய்வகத் தரத்தில் சுத்தமானது. 40 லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்கும். முதல் வாரங்களில் ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அந்த நாட்களில்தான் பொறுமை உடைந்து மீன் வாங்க ஓடுகிறார்கள். பிறகு அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், அதுவும் இறங்கும். போட்ட 2 மில்லிகிராமும் ஒரே நாளில் அம்மோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் தெரியாமல் மறைந்துபோனால் தொட்டி தயார். பாதிக்கும் மேல் தண்ணீரை மாற்றிவிட்டு முதல் மீனை விடலாம். இந்த 2 மில்லிகிராம், இரண்டு கோமாளி மீன்களின் ஒரு நாள் சுமையைப் போல ஐந்து மடங்கு. அதைச் செய்து முடித்த பாக்டீரியாவுக்கு இரண்டு மீன் ஒரு பொருட்டே இல்லை.

இதையே மீனை வைத்துச் செய்யச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை குறைந்த நீல டேம்சலை முதலில் விடுங்கள், அது தாங்கும், தாங்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள். பாக்டீரியா இல்லாத தொட்டியில் நாம் கணக்கிட்ட அதே தீனியால் ஒரு வாரத்தில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் ஏறும். அதில் ஏழு சதவீதம் நச்சு வடிவம். செவுள் வெந்து, மூச்சு வாங்கி, மூலையில் ஒதுங்கி நிற்கும் மீனை “சைக்கிளிங் நடக்கிறது” என்று வேடிக்கை பார்ப்பதை எப்படி மீன் வளர்ப்பு என்று சொல்ல முடியும்? டேம்சலும் கோமாளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோமாளி மீன் ஒன்று இயற்கையில் 30 ஆண்டு வரை வாழக்கூடும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஆயுளுள்ள உயிரின் உறவை அம்மோனியா அளக்கும் கருவியாக்க நமக்கு உரிமை இல்லை.

வியாபாரம் கெட்டுவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆறு வாரம் பொறுங்கள் என்று சொன்னால் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். ஆனால் அவர்கள் விற்கக்கூடிய, நேர்மையான ஒரு சரக்கு இருக்கிறது. கடையின் பின்னால் மீனே விடாத, செம்பு மருந்து படாத ஒரு தொட்டியில் காய்ந்த பாறைத் துண்டுகளைப் போட்டு, நாள்தோறும் அம்மோனியா ஊட்டிப் பழுக்கவைக்கலாம். மீன் இருக்கும் தொட்டியில் செய்தால் வெண்புள்ளி நோய் பாறையோடு கூடவே போகும்; ஆகவே மீன் கூடாது. வாங்குகிறவர் கண்முன்னேயே அம்மோனியாவைச் சொட்டவிட்டு, மறுநாள் வந்து சோதனைக் குப்பியின் நிறத்தைப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். ஈரத்துணியில் சுற்றி வீடு கொண்டுபோய்ச் சேர்த்தால் ஆறு வாரம் ஒன்றிரண்டு வாரமாகக் குறையும். அதன் பிறகு மீன். அதுவும் மண்டபம், விழிஞ்ஞத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையங்களும் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும் உருவாக்கிய முறைகளில் பொரித்து வளர்த்த கோமாளிக் குஞ்சுகளாக இருந்தால் நல்லது; கடலில் பிடித்த மீனைவிடத் தொட்டித் தீனிக்கும் தொட்டி வாழ்வுக்கும் பழகியவை அவை. அந்தப் பழுத்த பாறைக்குக் கிலோவுக்கு என்ன விலை வைத்தாலும் கொடுக்கலாம். ஒரு கேனிஸ்டரின் விலையை அது நெருங்கக்கூட நெருங்காது.